உப்பைத் தெரிஞ்சவன் உள்ளே இருக்கணும்

எங்க ஊர்ல சாயப்பட்டறைன்னு சொன்னாலே வயிறு எரியும். எனக்கும் எரியும். எங்க தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யலோரம் இருக்குது. 1992-ல அணையைக் கட்டி முடிச்சப்ப ஈரோடு, கரூர் பக்கம் ஏறக்குறைய 20,000 ஏக்கர் பாசனம்னு சொன்னாங்க. தேங்குனது திருப்பூர் சாயத்தண்ணி. சில வருஷத்துல கெணத்துத் தண்ணியில பருப்பு வேகறதில்லை. மஞ்சள் போச்சு, வாழை போச்சு, தென்னை குரும்பையா உதிர்த்துச்சு. மாட்டுக்குச் சோளத்தட்டு மட்டும் ஏதோ வந்துச்சு.

இந்த ஊர்ல இருந்துதான் என் தங்கச்சி பையன் கெமிஸ்ட்ரி படிச்சுட்டு 2008-ல சாயப்பட்டறைக்கே வேலைக்குப் போனான். கோயில் வரிக் கூட்டத்துல அவங்கப்பன் மூஞ்சிக்கு நேராவே கேட்டாங்க, "நம்ம கெணத்துல விஷம் கலக்கறவனுக்கே உம்பட பையன் கணக்கு எழுதறானா?"ன்னு. மச்சான் தலையைக் குனிஞ்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. இப்பவும் அந்தப் பேச்சு முழுசா நிக்கலை. அதான் எனக்குத் தெரிஞ்சதை எழுதி வைக்கறேன்.

வேலைக்குப் போன ரெண்டாம் மாசம் அவன் எங்க திண்ணையில உக்காந்து சொன்னான். "மாமா, எல்லாரும் கலரைப் பாத்துப் பயப்படறீங்க. உங்க மண்ணைக் கெடுத்ததுல பெரிய பங்கு உப்புக்குத்தானுங்க."

பருத்தித் துணியும் சாயமும் தண்ணிக்குள்ள ஒன்னையொன்னு தள்ளுமாம். உப்பைப் போட்டாத்தான் சாயம் நூலுக்குள்ள ஏறும். அடர்த்தியான கலருன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 கிராம், அதுக்கு மேலயும் உப்பு வேணும். பழைய வின்ச் மிஷின்ல ஒரு கிலோ துணிக்குப் 10 லிட்டர் தண்ணின்னு வெச்சாலும் உப்பு மட்டும் 600 கிராம் ஆச்சு. சாயத்துல பெரும்பங்கு துணியோட போயிரும், உப்பு அப்படியே தண்ணியோட வெளியே வரும். அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு நிலையத்துல சுண்ணாம்பு போட்டுக் கலரைத் தெளிய வெப்பாங்க. தண்ணி பாக்கறதுக்கு நல்லா இருக்கும். கரைஞ்ச உப்பு அதுக்குள்ளயேதான் இருக்கும்.

அவன் பட்டறையில முதல்ல செஞ்ச காரியம் உப்பு மூட்டைக் கணக்கு எடுத்ததுதான். "மொதலாளிகிட்ட ஆத்தைப் பத்திப் பேசுனா எடுபடாதுங்க மாமா, மூட்டைக்காசைப் பத்திப் பேசுனா காது கொடுப்பாரு"ன்னான். சாஃப்ட் புளோ மிஷினுக்கு மாறுனா 6 லிட்டர் தண்ணி போதும், உப்பு 360 கிராமாக் குறையும், சூடு பண்ற செலவும் குறையும்னு எழுதிக் கொடுத்தான். ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு மிஷின் வந்துச்சு.

எல்லாமே இப்படிச் சுலபமா நடக்கலை. மழை பேஞ்ச ஒரு ராத்திரி தொட்டியைத் திறந்து ஓடையில விடச் சொல்லியிருக்காங்க. இவன் வால்வைத் தொட மாட்டேன்னுட்டான். வேற ஆள் திறந்தான். அடுத்த வாரம் இவனுக்குக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம். பொண்ணு வீட்டுல ரெண்டு தடவை வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. கோயில் கூட்டத்துல கேள்வி கேட்ட யாரும் அப்ப வந்து ஒரு வார்த்தை கேக்கலை.

2011 ஜனவரி கடைசியில, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்குல, சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேல பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. சொட்டுத் தண்ணிகூட வெளியே விடாம சுத்தம் பண்ணுனாத்தான் திறக்கலாம்னு நிபந்தனை. வேலை போன சனங்க பட்ட பாடும் கொஞ்சமில்லை. ஆனா அதுக்கப்புறம்தான் உப்பைப் பத்தித் தெரிஞ்ச ஆளுங்களைத் தேடிக் கூப்பிட்டாங்க. இவனையும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல எடுத்துக்கிட்டாங்க.

அங்க ஆர்.ஓ. வழியாப் பெரும்பங்கு தண்ணியைப் பிரிச்சு மறுபடி பட்டறைக்கே அனுப்பறாங்க. மிச்ச உப்புத்தண்ணியைக் கொதிக்க வெச்சுச் சுண்ட வெக்கறாங்க. சோடியம் சல்பேட் உப்புன்னா நல்லாக் குளிர வெச்சாலே படிகமா ஒதுங்கிரும், திரும்பச் சாயம் போட ஆகும். அதனால சாதா உப்பை விட்டு இதுக்கு மாறுங்கன்னு பட்டறை பட்டறையாப் போய்ச் சொன்னவங்கள்ல இவனும் ஒருத்தன்.

எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்ல வரலை. எதுக்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையா செட்டுல கெடக்குது. சுண்ட வெக்க விறகு லோடு லோடா எரியுது. மழை வந்தா ஓடையில கலர் வர்றதும் முழுசா நிக்கலை. எங்க கெணத்துலயும் பழைய உப்பு இன்னும் இருக்குது.

நான் பாத்த வரைக்கும் விஷயம் இதுதானுங்க. 2011-க்கு முன்னால இவன் சொன்னது காசு மிச்சமாகற வரைக்கும்தான் எடுபட்டுச்சு. காசு செலவாகற எடத்துல வேலையே போச்சு. வெளியே நம்ம சனங்க கோர்ட்டு வாசல்ல வருஷக்கணக்கா நின்னதாலதான் உள்ள இருந்தவன் பேச்சுக்கு மதிப்பு வந்துச்சு. அதே சமயம், கோர்ட்டு மூடச் சொல்லலாம், உப்பைப் பிரிச்சு எடுக்கறதுக்கு அதைக் கையாளத் தெரிஞ்சவன்தான் வேணும்.

இந்த வருஷம் எங்க ஊர்ல ரெண்டு பிள்ளைங்க கெமிஸ்ட்ரி எடுத்திருக்குதுங்க. பட்டறை வேலைக்குப் போறோம்னு சொன்னாத் திட்டாதீங்க. போகட்டும். ஆனா மழை ராத்திரியில வால்வைத் தொட மாட்டேன்னு அதுங்க சொல்ற அன்னைக்கு, ஊரு அதுங்க பக்கம் நிக்கணும். என் மாப்பிள்ளைக்கு அது கிடைக்கலை.