அறை எண் தேவையில்லை!

சியோலுக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! வேலைக்காக அங்கே குடியேறியிருக்கும் நண்பன், இறங்கிய ராத்திரியே என்னை ஒரு மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். போர்டில் 'பி.ஸி. பாங்'. பாங் என்றால் அறை. (பேங்க் இல்லை, காமர்ஸ்காரர்கள் கவனிக்க!)

உள்ளே அரையிருட்டு. வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், மாப்பிள்ளை நாற்காலி, காதில் ஹெட்போன். மணிக்கணக்கில் காசு. பசித்தால் ஸ்கிரீனிலேயே ஆர்டர். ஆவி பறக்க ராம்யான் நூடுல்ஸ் ஸீட்டுக்கே வந்துவிடுகிறது.

1997-ல் கொரியப் பொருளாதாரம் படுத்தபோது, வேலை போன ஆபீஸ்காரர்கள் சிலர் கைக்காசைப் போட்டு இப்படிக் கடை திறந்தார்கள். 1998-ல் 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டு வந்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டது.

நண்பனுக்குத் தெரிந்த கொரிய வார்த்தை பத்து தேறாது. அதிலும் இரண்டு அம்மா, அப்பா. அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான்! ஆபீஸில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இங்கே முகம் தெரியாத நாலு பேரோடு டீம் சேர்ந்து 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆடுகிறான். சொதப்பினால் ஸ்கிரீனில் திட்டு மழை.

"புரியாம இருக்கறது எவ்ளோ சௌகரியம் தெரியுமாடா!"

தோற்றால் 'ஜிஜி' என்று தட்ட வேண்டும். நல்ல ஆட்டம் என்று அர்த்தம். தட்டாமல் எழுந்து போவது மரியாதையில்லை.

மணி பத்து. சின்னப் பசங்களைச் சட்டப்படி வெளியே அனுப்பினார்கள். நண்பன் தோற்று, 'ஜிஜி' தட்டினான். பக்கத்து ஸீட் காலேஜ் பையன் எட்டிப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்கிரீனில் விரல் வைத்து ஏதோ விளக்கினான். அத்தனையும் கொரியன். நண்பன் அத்தனைக்கும் தலையாட்டினான். அடுத்த ஆட்டத்துக்கு அந்தப் பையனே கூப்பிட்டான்.

நான் இரண்டாவது ராம்யானுக்கு ஆர்டர் கொடுத்தேன்.