எந்தக் காந்தி?

சரித்திர பாடவேளை ஒன்றில் இந்திய விடுதலைப் போராட்டத்தை விளக்கி முடித்து, “ஐயம் ஏதும் உண்டோ?” என வினவினோம். பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்தான். “சேர், கேமிலை காந்தி அணுகுண்டு போடுறாரே, ஏன்?” என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். அவன் குறித்த காந்தி எவர் என்பதை நாமும் அறிந்திருந்தோம்.

அமெரிக்காவில் சிட் மெயர் என்பாரும் அவர்தம் தோழரும் ஆக்கிய ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டு 1991 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆடுபவர் ஒரு நாட்டின் தலைவராகி, பண்டைக் காலந்தொட்டு விண்வெளிக் காலம்வரை அதனை வளர்த்தல் வேண்டும். ஏனைய நாடுகளைக் கணினியே ஆளும். அவற்றின் தலைவர்க்கு மெய்ப்பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன: அமெரிக்கர்க்கு லிங்கன், பிரெஞ்சியர்க்கு நெப்போலியன், இந்தியர்க்குக் காந்தியடிகள். ஆட்டத்தின் பிற்பகுதியில் அக்காந்தி அணுவாயுதங்காட்டி அச்சுறுத்துதல் உண்டு.

மாணவனுக்கு நாம் பெருமிதத்தோடு விடை பகர்ந்தோம். காந்தியாரின் போர்க்குணத்துக்கு 1 என்னும் எண் இடப்பட்டிருந்தது. இந்தியா குடியாட்சியை ஏற்றதும் அதினின்றும் 2 கழிக்கப்பட்டது. கணினியின் அச்சிறு அறையில் 0 முதல் 255 வரையான எண்களுக்கே இடமுண்டாதலால், கீழே செல்ல வழியின்றி எண் சுழன்று 255 ஆகியது. மோட்டார் வண்டியின் தூரமானி பூச்சியத்திலிருந்து பின்னோக்கிச் சுழன்றால் ஒன்பதுகள் வந்து நிற்குமன்றோ? அதுபோலவே சாந்தமூர்த்தி சங்காரமூர்த்தியானார் என்றோம். மாணாக்கர் வியந்தனர். எமக்கும் உள்ளம் குளிர்ந்தது.

சிலநாட் கழித்து, அக்கதையை ஒரு கட்டுரையிற் சேர்க்க எண்ணி ஆதாரந் தேடினோம். கிடைத்தது மறுப்பே. அத்தகைய பிழை தமது விளையாட்டில் இருந்ததேயில்லை என்று சிட் மெயர் 2020 இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். அதன் இரண்டாம் பதிப்பை வகுத்த பிறையன் றெனால்ட்ஸ் கூறுவதும் அதுவே: முதலாட்டத்தில் போர்க்குணத்துக்கு மூன்று படிகளே இருந்தன, காந்தியார்க்குக் கீழ்ப்படி, அப்படியிலே வேறு பல தலைவரும் இருந்தனர். அணுகுண்டு மிரட்டலும் எல்லாத் தலைவர்க்கும் பொதுவானதே. லிங்கன் மிரட்டினால் எவரும் நினைவில் வைப்பதில்லை. காந்தி மிரட்டினால் யார்தாம் மறப்பர்?

பின்னர் நேர்ந்ததோ இன்னும் விந்தை. 2010 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், அணுவாயுத நாட்டத்தை மிக உயரவைத்து, காந்தியார்க்கு வேண்டுமென்றே வேடிக்கையாக இட்டனர். நகைப்பு விதியாயிற்று.

கற்பனைத் தலைவர் ஒருவரை எப்படி ஆட்டிவைத்தாலும் இழப்பார் எவருமிலர். மெய்த் தலைவரின் பெயரை எடுத்தால் அப்பெயருக்கு உரியோர் உளர். 2018 இல், கனடாவின் கிறீ பழங்குடித் தலைவரான பவுண்ட்மேக்கரை அவ்விளையாட்டின் ஆறாம் பதிப்பிற் சேர்த்தபோது, அக்குடியின் இன்றைய தலைமக்களுள் ஒருவர் வருந்தினார். பிறர் நிலத்தை வெல்லுதலே குறிக்கோளான ஆட்டத்தில் எம்முன்னோரை நிறுத்தினால், அவரும் குடியேற்றக்காரரைப் போன்றவரே எனத் தோன்றாதோ என்பது அவர் கேள்வி. சிந்திக்கத்தக்க கேள்வி அது. ஆட்டத்திலே முகமும் பெயரும் தலைவருடையன; நடத்தை மட்டும் ஆட்டவிதியினுடையது.

ஆயினும் விளையாட்டைக் குறைகூற எமக்கு என்ன தகுதி? அது தன்னை விளையாட்டென்றே சொல்லிக்கொள்கிறது. நாமோ ஆசிரியர். கதை அழகாக இருந்தமையால் ஆராயாது நம்பினோம். நம்பியதைச் சரித்திர வேளையிற் கற்பித்தோம்.

மறுவாரம் வகுப்பில் நின்று, “சென்ற வாரம் நாம் கூறியது தவறு” என்றோம். நாவெழச் சற்று நேரமாயிற்று. எவரும் சிரிக்கவில்லை. அதே மாணவன் எழுந்து, “அப்ப சேர், உண்மையான காந்தி அணுகுண்டைப்பற்றி என்ன சொன்னவர்?” என்றான்.

1927 இல் அவர் யாழ்ப்பாணம் வந்து கதர் நிதி திரட்டிய கதையை மூத்தோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நாம். எனினும் இக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. “படித்து வந்து சொல்கிறோம்” என்றோம், படித்தோம். வன்முறையை எதிர்வன்முறையால் வெல்ல முடியாததுபோலக் குண்டையும் எதிர்க்குண்டால் அழிக்க முடியாது என்னுங் கருத்தை 1946 இல் ‘ஹரிஜன்’ இதழில் அவர் எழுதியுள்ளார்.

இம்முறை ஆண்டையும் இதழின் பெயரையும் பலகையில் எழுதிய பின்னரே வாய் திறந்தோம்.