கும்மிடிப்பூண்டி டு யாழ்ப்பாணம்: பையில என்ன மச்சி?

பாஸ்போர்ட் வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. அடுத்து எந்த செட்டா இருந்தாலும் ஒரு சண்டை கேரண்டி: 'எத்தனை செட் துணி?'

எங்க செட்ல பன்னிரண்டு பேர். எல்லாரும் இன்ஜினீயரிங், எல்லாரும் கும்மிடிப்பூண்டி லைன்ல ரயிலேறுற ஆளுங்க. சென்னையில் ஃப்ளைட் ஏறி யாழ்ப்பாணத்துல இறங்கி, சிகிரியா, கண்டி, நுவரெலியா, மிரிஸ்ஸன்னு சுத்திட்டு கொழும்புல இருந்து திரும்புறதா பிளான். ஒரே வாரத்துல கோயில், மலை, குளிர், கடல்! பேக்கிங்தான் மண்டை காயுது. பல பேர்கிட்ட விசாரிச்சுத் தேத்துன லிஸ்ட் இது. வேற நாட்டுக்குப் போறவங்களும் சுட்டுக்கலாம்.

லோக்கல் ட்ரெயின் டெஸ்ட்

சிப்காட் ஷிஃப்ட் முடியுற நேரத்துல, முதுகுல மாட்டின பையோட கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் படியேறி லோக்கல் ட்ரெயின்ல நிக்க முடியுதா? அப்ப உங்க பை பாஸ். முடியலையா? பாதியை வெளியே எடுங்க. சென்ட்ரல் வரைக்கும் ட்ரெயின், அப்புறம் ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ. நடுவுல தூக்க ஆள் கிடையாது. டிக்கெட்ல எத்தனை கிலோன்னு போட்டிருக்கோ, அதுல ரெண்டு கிலோ குறைச்சே கட்டுங்க. திரும்பும்போது டீத்தூள் ஏறுமே!

இடத்துக்கு ஒரு வேஷம்

நல்லூர் கந்தசாமி கோயில்ல பசங்க சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும். ஒரு வேட்டி இருந்தா அழகு. கண்டி தலதா மாளிகையில் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், செருப்பு வெளியே. வெள்ளை குர்தா ஒண்ணு எடுத்தா ரெண்டு இடத்துக்கும் ஆச்சு. சிகிரியா சுமார் 200 மீட்டர் உயரப் பாறை, 1,200 படிக்கு மேல. அங்கே கிரிப் உள்ள ஷூ, தொப்பி, தண்ணி பாட்டில். நுவரெலியா 6,000 அடிக்கு மேல இருக்கு, ராத்திரி ஊட்டி மாதிரிதான். ஸ்வெட்டரைப் பையில திணிக்காதீங்க, ஃப்ளைட்ல போட்டுக்கிட்டே போங்க. மிரிஸ்ஸயில் திமிங்கலம் பார்க்கப் படகு ஏறுறவங்க, குமட்டல் மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். வாந்தி வந்த பிறகு போட்டா அது கடலுக்குத்தான்.

2025 நவம்பர்ல தித்வா புயல் மலையகத்தை ரொம்பவே புரட்டிப் போட்டுச்சு. ரோடு, ரயில் நிலவரத்தை விசாரிச்சிட்டு மலைக்கு நாள் குறிங்க.

கூட்டணி தர்மம்

பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு ஷாம்பு பாட்டில் எதுக்கு? முதலுதவிப் பெட்டி, நெயில் கட்டர், துணி காயப்போடக் கொடி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் மூணு பேருக்கு ஒண்ணு போதும். யார் பையில எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுங்க. அங்கே கரன்ட் நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட். பிளக் மட்டும் பல இடத்துல மூணு சதுரக் கால். ஒரு அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தா ஒரு ரூமே சார்ஜ் ஆகும்.

பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான், செக்-இன் லக்கேஜ்ல போடவே கூடாது. 20,000 எம்.ஏ.ஹெச். இன்ட்டு 3.7 வோல்ட், அதாவது 74 வாட் ஹவர். 100 வரைக்கும் பிரச்னை இல்லை. கைப்பையில திரவம் எதுவா இருந்தாலும் 100 மில்லி பாட்டில்லதான். அம்மா தர்ற ஊறுகாயை செக்-இன்ல தள்ளிடுங்க.

எடுத்துட்டே போகக்கூடாதது? புத்தர் படம் போட்ட டி-ஷர்ட். கையில புத்தர் டாட்டூ இருந்ததுக்காக 2014-ல ஒரு பிரிட்டிஷ் பெண்ணைத் திருப்பியே அனுப்பிட்டாங்க. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபியும் வேண்டாம்.

பதிமூணாவது ஆள்

எல்லா டாகுமென்ட்டும் மூணு செட் ஜெராக்ஸ். பாஸ்போர்ட்ல குறைஞ்சது ஆறு மாசமாவது செல்லுபடி இருக்கணும். விசா விதி அடிக்கடி மாறுது, அதனால அரசு தளத்துல பார்த்துட்டே டிக்கெட் போடுங்க.

இந்த லிஸ்ட்ல பாதி, டூருக்கு வராத ஒருத்தன் சொன்னது. எங்க கிளாஸ்தான். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம்ல பிறந்து வளர்ந்தவன். நல்லூர்ல சட்டை கழட்டணும்னும், அங்கே பிரெட்டைப் 'பாண்'னுதான் கேட்கணும்னும் சொன்னது அவன்தான். அவன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, எல்லாம் பாட்டி சொல்லிக் கேட்டது.

அவன்கிட்ட இந்திய பாஸ்போர்ட் இல்லை. இங்கே பிறந்தாலே குடியுரிமைங்கிறது 1987 ஜூலை 1-க்கு முன்னாடி பிறந்தவங்களுக்குத்தான். 1986-ல மண்டபத்துல பிறந்த ஒரு பெண்ணுக்கு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல உத்தரவு போட்ட பிறகு பாஸ்போர்ட் கிடைச்சது. 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. நம்ம வயசுப் பசங்க நிலைமை வேற. 2004 டிசம்பர் 3-ல இருந்து பிறந்தவங்களுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும். ஒருத்தர் மட்டும் இந்தியர்னா, இன்னொருத்தர் சட்டவிரோதமா குடியேறினவரா இருக்கக்கூடாது. இலங்கை பாஸ்போர்ட் எடுத்துப் போனா, திரும்பி வந்து இதே முகாம்ல இருந்து படிக்க முடியுமான்னு அவங்க வீட்டுல பயம். ஒரு வார டூருக்காக யார் அந்த ரிஸ்க் எடுப்பாங்க?

'நீ வரலைன்னா நாங்களும் போகலை'ன்னு சிலர் சொன்னோம். 'லூசு மாதிரி பேசாதீங்கடா, போயிட்டு வந்து கதைங்க'ன்னுட்டான். பாட்டி கேட்டது ரெண்டே விஷயம்: நல்லூர்த் திருநீறு ஒரு பொட்டலம், பனங்கட்டி ஒரு குட்டான். பாட்டி படிச்ச பள்ளிக்கூடம் இன்னும் இருந்தா, வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னது அவன்.

அதுக்கு ஒண்ணரை கிலோ ஒதுக்கியாச்சு. அதுக்காக என் மூணாவது ஜீன்ஸ் அவுட். உங்க செட்லயும் வர முடியாத ஒருத்தர் இருப்பாங்க. பையை மூடுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு போன் போட்டு என்ன வேணும்னு கேளுங்க!