அளவு மீறிய ஒளி

'அனல் பறக்க வேலை நடக்கிறது' என்றால் நாம் அதைப் புகழ்ச்சியாகவே கொள்கிறோம். பறக்கும் அனல் சில வேளை இழப்பின் அடையாளம் என்பதை நம் மருமகனின் பட்டறையில் கண்டோம்.

எவர்சில்வர் தொட்டிகள் செய்யும் அவன், கையில் பிடித்துப் பற்றவைக்கும் லேசர் கருவி ஒன்றை வாங்கியிருந்தான். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் நீருக்காக அவன் செய்து கொடுத்த தொட்டி மூன்றாம் நாளே விளிம்பில் கசிந்தது. ஜமாஅத்தார் எவரும் கடிந்துரைக்கவில்லை. எனினும் அவன் தலை தாழ்ந்தது. "சக்தியைக் கூட்டித்தானே வைத்தேன் மாமா, பின் ஏன் பிடிக்கவில்லை?" என்றான்.

ஆலையில் பற்றவைப்புப் பணியிலேயே காலம் கழித்த நாம், "கூட்டியதே குற்றம்" என்றோம்.

லேசர் ஒளி சிறு புள்ளியாகக் குவியும்போது உலோகம் உருகுவதோடு நில்லாது ஆவியாகவும் மாறுகிறது. அவ்வாவி உருகிய குழம்பை அழுத்தி, நடுவே நுண்துளை ஒன்றைத் தோண்டுகிறது. அளவோடு இருப்பின், அத்துளை வழியே ஒளி ஆழச் சென்று இணைப்பை உறுதியாக்கும். அளவு மீறினால் ஆவி சீறியெழுந்து, குழம்பைத் துளித்துளியாய் வெளியே எறியும். நாம் காணும் பொறி அதுவே. தெறித்த ஒவ்வொரு துளியும் இணைப்பு இழந்த உலோகம். அங்கே பள்ளம் விழும். துளை நிலைகுலைந்து மூடினால் உள்ளே சிக்கிய வாயு நுண்குழிகளாய்த் தங்கும். தகட்டின் எண்ணெய்ப் பசையும் இக்கொந்தளிப்பைப் பெருக்கும். துத்தநாகம் பூசிய இரும்பில் தொல்லை இன்னும் அதிகம். இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்துவிடும்.

மருமகன் தகடுகளை அசிட்டோனால் துடைத்து உலரவிட்டான், இடைவெளியின்றிப் பொருத்தினான், சக்தியைக் குறைத்தான், கதிரைப் பக்கவாட்டில் அசையச் செய்து வெப்பத்தைப் பரப்பினான், ஆர்கான் வாயுவைச் சீராக விட்டான், பொறி பட்டு மங்கிய காப்புக் கண்ணாடியை மாற்றினான். பெரிய ஆலைகளில் நடுக்கதிரைச் சூழ வளையமாய் மற்றொரு கதிரை வீழ்த்துவதும் உண்டு. அது துளையின் வாயை அகலமாக்கி, ஆவி அமைதியாய் வெளியேற வழி செய்கிறது.

ஒளியைக் குவித்து எரிக்கும் கலை நமக்குப் புதிதன்று. எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி 984-ஆம் ஆண்டளவில் பக்தாதில் நூல் இயற்றிய இப்னு சஹ்ல், ஒளி வளைந்து ஒரு புள்ளியில் சேரும் விதத்தைக் கணக்கிட்டார். 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். கருவி எத்துணை வளர்ந்தாலும், அதன் அளவைக் காப்பது அதைப் பிடிக்கும் கையின் பொறுப்பே.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று சிறு வயதில் ஓதினோம். அந்தப் பாடத்தை ஒளுத் தொட்டியே நமக்கு மீண்டும் நினைவூட்டியது. மருமகன் கூலி வாங்காது வேறொரு தொட்டி செய்து கொடுத்தான். அல்ஹம்துலில்லாஹ், அது இன்றுவரை கசியவில்லை.