தறி நின்ற பின்

கண்ணமங்கலத்தில் எங்கள் தெருவில் தறியோசை அடங்கிய பின் ஓர் அழுகுரல் எழும். கேளாதவர்போல் உறங்கினோம். ஒருநாள் அப்பெண் பேருந்து நிறுத்தம் வரை சென்று திரும்பினார். “எங்கே போவது?” என்றார். மாவட்ட அலுவலகங்களோ திருவண்ணாமலையில். தறி வீட்டுக்குள், பட்டுக்கு வாங்கிய முன்பணம் கணவர் பெயரில். வீட்டைத் துறந்தால் பிழைப்பும் போகும்.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அவ்வீட்டிலேயே வசிக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. 181ஐ அழைக்கலாம், அதற்குக் கைப்பேசியும் தனிமையும் வேண்டுமே! இரண்டும் எங்களிடம் இருந்தன.

4ஆம் பிரிவின்படி, வன்முறையை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தருபவர்மேல் வழக்கு வராது. சட்டம் தெரியாது என்றோம். அழுகுரல் தெரிந்துதானே இருந்தது?