ரோட்டுக்கு ஓர் அழுத்தம், ஸ்ட்ரீட்டுக்கு ஓர் அழுத்தம்

"சார், இதையெல்லாம் போனே சொல்லித்தருமே" என்றார் ஓர் இளைஞர். திருவனந்தபுரத்தில் அவருடைய பயிற்சி நிலையம், என் இரண்டு மணி நேர ஆங்கில உச்சரிப்பு வகுப்பை அரை மணியாக வெட்டிய நாள் அது. டெக்னோபார்க்கில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு அசையழுத்தம் எதற்கு, சரளமாகப் பேசினால் போதாதா என்பது அவர் கட்சி.

போதாது. நம் யாப்பில் இரு குறில் சேர்ந்தால் நிரை, ஓரசை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்தில் அசை பிரித்தால் கணக்கு தப்பும். எழுத்தைப் பார்த்து 'கப்போர்டு' என்பவனுக்கு 'கபட்' காதில் விழுந்தாலும் புரியாது. தமிழிலும் மலையாளத்திலும் அழுத்தம் இடம் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை, ஆங்கிலத்தில் மாறும். முன்பாதியில் அழுத்தினால் 'பிளாக்போர்டு' வகுப்பறைப் பலகை. இரண்டையும் அழுத்தினால் கறுப்பாயிருக்கும் ஏதோ ஒரு பலகை.

படிக்கும் காலத்தில் என்னை வாட்டியது தெருப்பெயர்தான். என் ஆசிரியர், ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கிய ஆங்கில மொழி நிறுவனத்தில் பயின்றவர். கரும்பலகையில் 'சர்ச் ஸ்ட்ரீட்', 'சர்ச் ரோடு' என்று எழுதிவிட்டுக் கட்டைவிரலால் மேசையைத் தட்டுவார். ஸ்ட்ரீட் என்றால் எடை 'சர்ச்' மேல். ரோடு என்றால் 'ரோடு' மேல். அவென்யூ, லேன், ஸ்கொயர் எல்லாம் ரோட்டின் கட்சி. ஸ்ட்ரீட் மட்டும் தனி. ஏன் சார் என்றால், "காரணத்தை அப்புறம் தேடு, முதலில் காதைத் தீட்டு" என்பார். பாளையத்திலிருந்து ஸ்டாச்சு வரை எம்.ஜி. ரோட்டில் தொடையைத் தட்டிக்கொண்டே வாரக்கணக்கில் நடந்தேன். அது பிடிபட்டதும் அடுத்ததை நீட்டினார்: 'ஆப்பிள் கேக்'கில் எடை முன்னால், 'ஆப்பிள் பை'யில் பின்னால். 'ஆஃப்டர்நூன்' தனியே நின்றால் எடை 'நூன்' மேல்; பின்னால் 'டீ' வந்தால் 'ஆஃப்' மேல் தாவிவிடும்.

டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி என் ஆசிரியரின் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை. இன்றைய பிள்ளைகளில் ஒருவர்கூட என்னிடம் அகராதி கேட்டதில்லை. போனில் ஒருமுறை கேட்கிறார்கள், வந்துவிட்டது என்கிறார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால் எல்லா அசையும் ஒரே எடையில் விழுகிறது. மேசையைத் தட்டிப் பத்து முறை சொல்லவைக்க நேரம் வேண்டும்.

வகுப்பு இன்றும் அரை மணிதான். 'கபட்' முடித்து ரோட்டுக்கும் ஸ்ட்ரீட்டுக்கும் வருவதற்குள் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கிறார்கள்.