பதினாறு நாள் வாளி

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளை பெற்ற வீட்டின் விலாசம் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே காட்டிவிடும். சாம்பிராணிப் புகை, வெந்நீரில் கொதிக்கிற நொச்சிக்குழை, சுட்ட வெள்ளைப்பூடு, காய்ந்த நல்லெண்ணெய், இவற்றோடு பொழுது சாய்ந்தால் பேர் சொல்லக் கூடாத வசம்பைச் சுட்ட கருகல் வாசம். வாசல் நிலையில் வேப்பங்குழை செருகியிருக்கும். அந்த வாசலைத் தாண்டும்போது கால் தானாக மெதுவாகும். விளையாடக் கூடாது என்று எங்களை யாரும் அதட்டியதில்லை. ஆனாலும் பம்பரம் விடுகிற பையன்கள் தீட்டுக் கழிகிற வரைக்கும் அந்த 16 நாளும் தெருவின் மேலக்கோடிக்குப் போய்விடுவோம்.

எங்கள் வளவில் ஒன்பது வீடு, நடுவில் ஒரு கிணறு. பிள்ளை பிறந்த சேதி முதலில் வந்து சேருவது அந்தக் கிணற்றடிக்குத்தான். ராட்டு கிறீச்சிடுவது சட்டென்று நின்றால் ஏதோ சேதி என்று அர்த்தம். ஆணா பெண்ணா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது மேலவீட்டு ஆச்சி மட்டும், "பெத்தவ வாய்க்கு ஏதும் குடிச்சாளா?" என்று கேட்பாள். பதில் வருவதற்குள் விரலை மடக்கத் தொடங்கிவிடுவாள். "இன்னைக்கு ராத்திரி என் ரசம். நாளைக்குக் காலைல கீழவீட்டுக்காரி. மத்தியானம் நீ குடுத்துவிடு, ஏட்டி. பிஞ்சுக் கத்தரிக்கா இருந்தா போடு, முத்தினதப் போட்டுராத." அவ்வளவுதான் பேச்சு. காகிதத்தில் எழுதவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. 16 நாள் சோறும் அந்தப் பத்து விரலுக்குள் அடங்கிவிடும். அந்த வீட்டுக்குப் போய் "என்ன வேணும்" என்று கேட்கிற வழக்கமே எங்கள் தெருவில் கிடையாது. கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதானே சொல்வார்கள்? அதனால் கேட்காமலே வாளி போய்விடும்.

அந்தச் சமையலும் லேசான சமையல். கல்யாணமாகி வந்து ஒரு மாதம் ஆகாத மதினி கூட வைத்துவிடுவாள். அம்மியில் ஒரு கரண்டி மிளகு, அரைக்கரண்டி சீரகம், நாலு பல் பூடு, ஒரு கொத்து கறிவேப்பிலை. நைய அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். புளி மட்டும் பழம்புளியாக இருக்க வேண்டும், உப்புப் போட்டுப் பானையில் அடைத்துக் கறுத்துப்போன புளி. புதுப்புளி ஆகாது. ரசம் நுரை கட்டி விளிம்புக்கு ஏறும்போது இறக்கிவிட வேண்டும், கொதிக்க விட்டால் ஆச்சிக்கு வாசத்திலேயே தெரிந்துவிடும். கிணற்றடியிலிருந்தே, "யாரு வீட்டு ரசம் கொதிக்கி?" என்று குரல் வரும். பருப்புப் போடாத அந்த ரசம், கனலில் புதைத்துச் சுட்ட பூண்டு, நெய்யில் வறுத்த மணத்தக்காளி வற்றல், குழைய வடித்த சோறு. இவ்வளவும் அரைமணி நேர வேலைதான். ஐந்தாம் நாளுக்கு மேல் மருந்துக் குழம்பு வரும். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு எல்லாம் வறுத்து அரைத்து, நல்லெண்ணெய் மிதக்க வைத்த கறுத்த குழம்பு. அதற்கப்புறம் முருங்கைக்கீரை. பூண்டும் கீரையும் பால் சுரக்க வைக்கும் என்பது ஆச்சிமார் வாக்கு. வாழைக்காய், பூசணி, கிழங்கு எதுவும் அந்த வாசப்படி ஏறாது. தாய் தின்றது பிள்ளைக்கு வாயு என்பார்கள்.

அரிசியிலும் ஒரு கணக்கு இருந்தது. பிசானம் அறுத்துக் களம் தூற்றி, மாசி பங்குனியில் எல்லா வீட்டிலும் புதுநெல் வாசம் நிறைந்திருக்கும். நமக்குப் புதுச்சோறு, பொங்கித் தின்போம். பெற்றவளுக்குப் புதுச்சோறு மந்தம். ஆச்சி வீட்டு மச்சில் ஒரு மண்பானையில் போன வருஷத்து அரிசி எப்போதும் இருக்கும். எலி போகாமல் வாயில் துணி கட்டி, மேலே பாக்குமட்டை மூடியிருப்பாள். பிறகு எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல் அம்பை 16 வந்தது. குண்டு நெல், கார் பருவத்துக்குத் தோதானது, ஊரே அதற்கு மாறியது. ஆச்சியும் மாறினாள். ஆனால் அதையும் ஒரு வருஷம் பானைக்குள் உறங்க வைத்துத்தான் பத்தியத்துக்கு எடுத்தாள்.

வாளி தூக்கிப் போனது நான். என்னைப் போல ஏழெட்டுப் பையன்கள், சிறுபிள்ளைகள். உங்களில் யாராவது தூக்கியிருந்தால் தெரியும், ரச வாளியை ஆட்டாமல் கொண்டுபோவது எவ்வளவு பெரிய காரியம். எவர்சில்வர் தூக்குவாளி, மூடி நழுவாமல் இருக்க வாழையிலைத் துண்டு வைத்து அழுத்தியிருக்கும். கைப்பிடி சுடும், அதனால் அப்பா துண்டைச் சுற்றிக் கொடுப்பாள் அம்மா. விளக்கு வைத்த நேரம் என்றால் மூடிமேல் ஒரு கரித்துண்டும் இருக்கும். காத்துக் கருப்பு அண்டாதாம். வழியில் யாராவது "என்னடே வாளியில?" என்று கேட்டால் பதில் பேசக் கூடாது. ஆறாம் வகுப்புப் படிக்கையில் ஒரு தடவை நான் பேசிவிட்டேன், கரித்துண்டு விழுந்துவிட்டது. பொறுக்கித் திரும்ப மேலே வைத்தேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு வாரம் எனக்கு உறக்கம் இல்லை. அதற்கு இப்போது கல்யாண வயதில் பேத்தி இருக்கிறாள்.

செங்கோட்டை வண்டி ஊதிக்கொண்டு போகிற சத்தத்துக்கும் காசிபநாதர் கோயில் மணிச் சத்தத்துக்கும் நடுவில்தான் எங்கள் நடை. பிள்ளை வீட்டு வாசலில் பித்தளைச் செம்பில் தண்ணீர் இருக்கும். கால் கழுவிவிட்டுத் தார்சாவில் நின்றால் போதும், உள்ளே போகக் கூடாது. இருட்டான உள்ளறையிலிருந்து புதுப்பிள்ளையின் சத்தம் வரும், பூனைக்குட்டிச் சத்தம் போல. அந்த வீட்டுப் பாட்டி வந்து வாளியை வாங்கி மூடியைத் திறப்பாள். அந்த முதல் ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு ஒரு நொடி கண்ணை மூடுவாள் பாருங்கள், அது எனக்குள் அப்படியே நிற்கிறது. மூன்று ராத்திரி உறங்காத முகம் அது.

அந்தப் பாட்டிக்கும் சேர்த்துத்தான் வாளி. பெற்றவளுக்குப் பத்தியம் போகும். அவள் மூத்த பிள்ளைகளுக்குத் தனியாக அடுக்குச் சட்டியில் சாம்பார் சோறு, பொரித்த அப்பளம் போகும். அப்பளம் ஆற்றுக்கு அந்தக் கரை கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தம்பியோ தங்கையோ வந்த வீட்டில் மூத்தது அனாதை மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கும். "அதுக்கு வயிறு இல்லையா?" என்பாள் ஆச்சி. நான் தங்கச்சி பிறந்த சமயத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். கீழவீட்டிலிருந்து வந்த சட்டியில் எனக்கென்று ஒரு தேங்காய்ப் பால் கொழுக்கட்டை கிடந்தது. தங்கச்சி பிறந்ததைப் பற்றி எனக்கு வேறு எதுவும் நினைவில்லை.

ஆனி ஆடிச் சாரலில் பிறந்த பிள்ளைகள் என்றால் பாடு அதிகம். மலைப்பக்கமிருந்து பொடித் தூறல் நாள் முழுக்க விழும். விறகு நமுத்துப் புகையும், துணி காயாது. கவிழ்த்துப் போட்ட கூடைக்கு அடியில் சாம்பிராணிக் கனல் வைத்து, மேலே பிள்ளைத் துணியைக் காயப்போடுவார்கள். அந்த நாட்களில்தான் உளுந்தங்களி அதிகம் போகும். வறுத்துத் திரித்த கறுப்புளுந்து மாவு, அதில் ஒரு பங்கு பச்சரிசி மாவு, உடன்குடிக் கருப்பட்டிப் பாகு, கிண்டக் கிண்ட ஊற்றுகிற நல்லெண்ணெய். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அது பதம். உருண்டை பிடித்து நடுவில் குழி பறித்து அதில் எண்ணெய் நிரப்பி அனுப்புவாள் என் அம்மா. "இடுப்புக்கு நல்லது" என்பாள். எடுத்துப்போகிறவனுக்கும் ஒரு உருண்டை உண்டு. அந்தச் சூட்டைக் கைமாற்றிக் கைமாற்றி ஊதித் தின்றபடி சாரலில் நடந்து வந்திருக்கிறீர்களா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வாளி எல்லாத் தெருவுக்கும் போனதில்லை. சமைத்த சோற்றுக்கு ஊரில் எல்லை இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பச்சைப் பொருளாக மட்டும் வரும், போகும். எங்கள் வயலில் நடவு நட்ட பெரியம்மை, என் தங்கச்சி பிறந்தபோது முந்தியில் முடிந்து ஆறு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தாளாம். வாசலில்தான் நின்றாளாம். அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து பழைய அரிசியும் கருப்பட்டியும் போயின. ரசம் போகவில்லை. அவள் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற வயது எனக்கு வந்தபோது அவள் இல்லை. மளிகைக் கடை பாய் வீட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறிய போணியில் நெய் வரும். அந்த நெய்தான் வற்றல் வறுக்க. அந்த நாட்களை நினைத்து உருகும்போது இதையும் சேர்த்து நினைக்காவிட்டால் அது நியாயமாகாது.

1992 நவம்பரில் வந்த வெள்ளத்தை நம்மூர்க்காரர்கள் மறக்க முடியாது. 13ஆம் தேதி மலையில் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அதற்கு நாலு நாள் முன்னால்தான் என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். எங்கள் தெரு மேடு, தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, சந்தை இல்லை, பால்காரர் வரவில்லை. ராத்திரி முழுக்க ஆற்றின் இரைச்சல், மாடுகள் கத்துகிற சத்தம். அம்மா அடுக்களை வாசலில் திகைத்து உட்கார்ந்துவிட்டாள். விடியற்காலை அரிக்கேன் விளக்கோடு ஆச்சி வந்தாள், இடுப்பில் வாளி. அதே ரசம், அதே சுட்ட பூண்டு, சுண்டைவற்றல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பத்தியச் சமையலில் சந்தைக்குப் போய் வாங்க வேண்டிய சாமான் ஒன்றுமே இல்லை. மிளகு, சுக்கு, பழம்புளி, வற்றல், கருப்பட்டி, பழைய அரிசி, எல்லாம் காய்ந்தவை, வருஷக்கணக்கில் இருப்பவை. ஆற்றையும் மழையையும் அறிந்த பெண்கள் சேர்த்து வைத்த சாமான். அந்த 1992 ஐப்பசியிலும் என் அக்காவுக்கு ஒரு வேளை கூடத் தவறவில்லை.

16ஆம் நாள் வீடு கழுவித் தீட்டுக் கழியும். அதுவரை வாளிகள் வெறுமையாகவே திரும்பும், தீட்டு வீட்டிலிருந்து எதுவும் வரக் கூடாது. அன்றைக்குத்தான் உள்ளே ஏதாவது வைத்து மொத்தமாகத் திருப்புவார்கள். கழுவிக் கவிழ்த்த வாளிகள் தார்சாவில் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து உருண்டை. சுக்கும் ஓமமும் கண்டந்திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய கறுத்த உருண்டை, எண்ணெய் மினுங்கும். முதல் உருண்டை மேலவீட்டு ஆச்சிக்கு. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அப்படித்தான். கிணற்றடியில் நின்று எல்லோர் முன்னாலும் அவள் அதை வாயில் போட்டு மெல்லுவாள். காரத்தில் கண் கலங்கும். முந்தியால் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஓமம் போட்டிருக்கலாம்" என்பாள். ஆச்சிக்குப் பிள்ளை கிடையாது. 

வளவு இப்போது இல்லை. பங்கு பிரித்து விற்று, அந்த இடத்தில் மூன்று மாடி எழும்பியிருக்கிறது. கிணற்றை மூடிக் கல் பாவிவிட்டார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பேரன் பேத்திகள் பெங்களூரிலும் துபாயிலும் பிறக்கிறார்கள். சேதி போனில் வருகிறது, படமும் வருகிறது. என் மகளுக்குச் சென்னையில் பிள்ளை பிறந்தபோது அடுக்குமாடியில் எதிர்வீட்டு அம்மாள் நல்லவர்தான். "என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றார். நான் "ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

அன்று ராத்திரி ரசம் வைக்கலாமென்று பரணிலிருந்து பழைய தூக்குவாளியை இறக்கினேன். அம்மா போனபின் ஊரிலிருந்து கொண்டுவந்தது. தேய்த்துக் கவிழ்த்தபோது அடியில் வெட்டியிருந்த பேர் கண்ணில் பட்டது. அது எங்கள் வீட்டுப் பேர் இல்லை, மேலவீட்டு ஆச்சியின் பேர். ஏதோ ஒரு 16ஆம் நாளில் வாளி மாறி வந்திருக்கிறது, யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய வாளி ஒன்று கிடந்தால், கவிழ்த்து அடியில் யார் பேர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.